முன் சக்கரத்துப் பட்டன் டயர்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சமையல் மேடை அருகே நின்றபடியே சாப்பிடுவேன். ஆபீஸ் மீட்டிங்கை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே கேட்பேன். இப்படிப்பட்டவளைக் காறை எலும்பு உடைந்து, கையைக் கழுத்தோடு கட்டி, படூர் ஃப்ளாட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் இருந்த எல்லோருக்கும், அதாவது என் கணவருக்கு, வாழ்க்கையே வெறுத்துப்போனது.

விழுந்தது ஈசிஆரில். விடிந்தும் விடியாமலும் கோவளம் போய், அங்கிருந்து மாமல்லபுரம் வரை என் மவுண்டன் பைக்கில் போய்வருவது பல வருடப் பழக்கம். அன்று காற்றில் கடல்மணல் தார் மேல் ஏறிப் படிந்திருந்தது. பின்னால் வந்த வேன் ஹாரன் அடிக்க, நான் ஒதுங்க, முன்சக்கரம் மணலில் சறுக்கியது. ஷேர் ஆட்டோவுக்காக மீன்கூடையோடு நின்றிருந்த பெண்கள்தான் தூக்கினார்கள். அதில் ஒருத்தி வேன்காரனின் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிட்டு, கூடைகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். என் மேல் அடித்த வாடையில், எந்த ஊரில் மீன் விற்கிறேன் என்று நர்ஸ் கேட்டாள்.

எலும்பு கூடிவிட்டது, சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். நான் மறுபடி ரோட்டுக்குப் போகிறேனா இல்லையா என்பதுதான் அதன்பிறகு வீட்டில் பேசப்படாத பேச்சாக இருந்தது. என் கணவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ரோலர். இரும்புச் சட்டத்தில் மூன்று உருளைகள், அவ்வளவுதான். சைக்கிளை எதிலும் பூட்டுவதில்லை. பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவில், முன்சக்கரம் மூன்றாவதன் மேல். மிதித்தால் நின்ற இடத்திலேயே ஓடும். கை கொஞ்சம் கோணினால் ஹாலிலேயே விழலாம். "கொஞ்ச நாளிக்கு வூட்லயே ஓட்டேன்" என்றார். கேட்டவர்களிடமெல்லாம், என் வீட்டுக்காரர் வெளியே விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் சைக்கிளில் இருந்தவை பட்டன் டயர்கள். மண்ணைக் கவ்விப் பிடிப்பதற்காகக் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். அவை உருளை மேல் ஏறியதும் எழுந்த சத்தத்தில் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. வழவழப்பான டயராக மாற்றிவிடு என்றார் கணவர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வழவழ டயர் என்றால் மணல் கிடையாது, ஏரிக்கரை கிடையாது. இனி எனக்கு இந்த ஹால்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இரண்டு நாள் பாத்திரங்களிடம் காட்டினேன்.

கடைசியில் கேளம்பாக்கம் கடைக்கு இருவருமாகப் போனோம். என் சக்கர அளவுக்கு ஜோடியாகத்தான் டயர் இருந்தது, வாங்கினோம். ஆனால் வீட்டுக்குள் ஓட்ட பின்சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால் போதும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் கடைக்காரர். அவர் மனதில் இருந்தது வேறு ஸ்டாண்ட். அதில் பின்சக்கரத்தைப் பூட்டிவிடுவார்கள், முன்சக்கரம் சும்மா நிற்கும். எங்கள் ரோலரிலோ ஒரு பெல்ட் முன் உருளையையும் சுற்றவைக்கும். இரண்டு சக்கரமும் ஓடும். அது எனக்குத் தோன்றவில்லை, தோன்ற நான் இடம் கொடுக்கவும் இல்லை. முன் டயர் தப்பித்தது என்ற சந்தோஷத்தில் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

புது டயர் மாட்டியதும் பின்சக்கரம் அடங்கியது. முன்சக்கரம் தனியாகக் கத்தியது. ஹேண்டில் வேறு உதறியது. ஆனாலும் காலையில் பிடிவாதமாக மிதித்தேன்.

கீழ் ஃப்ளாட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்திருந்தது. ஒரு காலை அந்த வீட்டம்மாவே மேலே ஏறி வந்துவிட்டார்.

"இன்னாம்மா, காலங்காத்தால மாவு மிசின் ஓட்டிகினு கீறீங்களா? புள்ள தூக்கத்துல துள்ளித் துள்ளி எழுந்துக்குது."

ரோலர் மேல் ஏற்றி நாற்காலியில் சாய்த்திருந்த சைக்கிளைக் காட்டினேன். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். கேலியே இல்லாத குரலில் கேட்டார்: "எங்கியும் போவாததுக்கா இம்மாஞ் சத்தம்?"

டீ குடிக்கக் கூப்பிட்டேன், பிள்ளை எழுந்துவிடும் என்று போய்விட்டார். கதவைச் சாத்தியதும் கணவர், பரணில் இருக்கும் இன்னொரு டயரையும் போட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். நான் வெடித்தேன்.

"நான் ரோட்டுக்கே போகக் கூடாது, அதானே உங்களுக்கு வேணும்?"

அவர் பால்கனிப் பக்கம் கை காட்டினார்.

"நீ சைக்கிள தள்ளிகினு கேட் வரிக்கும் போவ. நின்னுட்டு, திரும்பி வந்துடுவ. நான் பால்கனிலர்ந்து பாத்துகினுதான் இருந்தேன். அதுக்கப்புறம்தான் இத வாங்குனேன்."

உண்மைதான். கட்டு அவிழ்த்த பிறகு பல காலைகள் அப்படிக் கழிந்தன. ஒரு நாள் தூறல் என்றேன், ஒரு நாள் சக்கரத்தில் காற்றில்லை என்றேன், ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் வந்து குளித்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு ஹாரன் கேட்டால் போதும், சைக்கிளைத் திருப்பிவிடுவேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"நான் உட மாட்டேங்கிறேன்னு எல்லார்கிட்டயும் சொல்றியே, சொல்லிக்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நாற்காலி போட்டு ஏறி நானே பரணிலிருந்து டயரை இறக்கினேன். முன்சக்கரத்தைக் கழற்றி, லீவரைச் செருகி, பட்டன் டயரைப் பிடுங்கி எடுத்தேன். அவர் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றேன். புது டயரைப் பொருத்தி, பம்பில் கை வலிக்கும்வரை காற்றடித்தேன். விரலால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்குக் கெட்டியானதும் சக்கரத்தை மாட்டி ரோலர் மேல் ஏறினேன்.

சத்தமே இல்லை. சங்கிலி ஓடுவது மட்டும் லேசாகக் கேட்டது. கீழே பிள்ளை தூங்கியிருக்கும். ஹேண்டில் மட்டும் இன்னும் உதறிக்கொண்டே இருந்தது. டயரைக் குற்றம் சொல்ல முடியாது. நடுங்கியது என் கை.

அவர் கதவுநிலைப் பக்கம், நான் சாய்ந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றிருந்தார்.

"பயமா இருக்குங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஓட்டு."