அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

எதைப் பார்த்தாலும் அதன் தூரத்தால் நூறை வகுத்துப் பார்க்கும் பழக்கம் புவனாவுக்கு உண்டு. தோசைக்கல் கண்ணிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர், ஆகவே இரண்டு. பஸ்ஸில் முன் ஸீட்டுக்காரரின் மண்டை எழுபது, ஆகவே ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிப் பவர் என்பது இந்த வகுத்தல்தான், இதற்கு மேல் மந்திரமும் இல்லை மாயமும் இல்லை என்பாள். அவளுக்கே கிட்டப்பார்வை, மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் பெற்ற மகளின் முகம்கூடத் துலங்காது.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி அவள் கடை. பதினெட்டு வருஷமாகக் கண் பார்க்கிறாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊர் ஜனங்களின் மரியாதைதான் அவளைப் படுத்தி எடுத்தது. இரண்டு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டால், "ரெண்டுமே நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள். எதிரில் இருப்பவர் மனசு நோகக் கூடாதாம். குறை சொல்லித் தொலைத்தால்தானே சரியான பவர் கிடைக்கும்? இங்கே லென்ஸைக் குறை சொன்னால் அம்மணியையே குறை சொன்னதாக ஆகிவிடும்.

இப்படிப்பட்ட ஒரு ஆள்தான் காளிச்சாமி. ஐம்பத்து நாலு வயது, மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடையும் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். சித்திரையில் கடைக்கு வந்தார். ரோட்டோரத்தில் வாங்கிய கண்ணாடி கீறல் விழுந்துபோயிருந்தது. "இதையெல்லாம் போடாதீங்கண்ணா" என்று புவனா அதை வாங்கித் தள்ளி வைத்தாள். கொஞ்சம் தூரப்பார்வை, பிளஸ் ஒன்று. வயசுக்காகப் பக்கத்துப் பார்வைக்கு இன்னொரு இரண்டு கூட்டி, பிளஸ் மூன்று என்று எழுதினாள். சீட்டைப் படிக்கச் சொன்னாள். கடகடவென்று படித்தார். "நல்லாத் தெரியுதுங்கம்மணி" என்றார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். புவனா அப்போது டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. சும்மாதான் வந்தேன்" என்று வாசலிலேயே நின்றார். பிறகு, "ஏனுங்கம்மணி, இது பழகிக்குமுங்களா?" என்று கேட்டார். சோற்றுக் கையோடு, "பத்து நாள்ல பழகிருமுங்கண்ணா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி மயிலாத்தாள் அந்தப் பிளஸ் மூன்று கண்ணாடியோடு வந்தாள். கண்ணாடியின் ஒரு கால் கோணியிருந்தது.

"இதைக் கொஞ்சம் நிமித்திக் குடுங்கம்மணி. அவருக்குக் கை அடிபட்டப்பக் கீழ விழுந்து நெளிஞ்சுபோச்சு."

"அடி பட்டுச்சுங்களா? எப்படீங்கக்கா?"

"லேத்துலதானுங்க. குனிஞ்சு பாத்திருக்காரு, கை உள்ள போயிருச்சு. வலது கையில ரெண்டு வெரலு போச்சு. மூணு மாசமாகப் போவுது." ஏதோ பால் திரிந்துபோனதைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "மொதலாளி சென்னகேசவன் நல்ல மனுசனுங்க. லேத் வேண்டாம், சரக்கு அளந்து பாக்கற மேஜையில நில்லுன்னு சொல்லியிருக்காரு. நாளைக்கு அளவு படிச்சுக் காட்டோணும். தப்பாப் படிச்சா வேற ஆளைப் போட்டுக்குவாருங்க. அதான் கண்ணாடிய எடுத்துட்டு வந்தேன்."

குனிஞ்சு பாத்திருக்காரு. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு புவனா சித்திரையில் அவருக்கு எழுதிய சோதனை அட்டையைத் தேடி எடுத்தாள். 'பார்க்கும் தூரம்: 40' என்று அச்சிலேயே இருக்கும். புத்தகம் படிக்கிறவர்களுக்கான தூரம் அது. அடித்து எழுதாமல் அப்படியே விட்டிருந்தாள். லேத்தில் நிற்கிறவனுக்கும் சுழலும் இரும்புக்கும் நடுவே அறுபது இருக்கும். பிளஸ் மூன்றைப் போட்டால் அறுபதில் எல்லாம் மசமசவென்றுதான் தெரியும். தெளிவு வேண்டுமென்றால் குனிய வேண்டும், ஓடுகிற இரும்புக்கு மேல் குனிய வேண்டும். அன்றைக்கு அவர் நகக்கண்ணில் இருந்த கிரீஸை அவள் பார்த்தாள். பார்த்தும், என்ன வேலைக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தள்ளிவைத்த ரோட்டோரக் கண்ணாடி பிளஸ் இரண்டு. அது அவர் விரலைக் காப்பாற்றியிருக்கும்.

லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயிலாத்தாளோடு அவர்கள் வீட்டுக்கே போனாள்.

காளிச்சாமி எழுந்து நின்றார். "வாங்கம்மணி. நீங்க எதுக்குங்க அலையோணும்? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனல்லங்க?" வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். மயிலாத்தாள் காபி போடப் போனாள். புவனாவுக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. யாராவது ஒருவர் திட்டித் தொலைக்கக் கூடாதா?

அவருடைய ஸ்டீல் ஸ்கேலை மேஜைமேல் வைத்து, சோதனைக் கண்ணாடியை அவருக்கு மாட்டினாள். ஒரு லென்ஸைப் போட்டாள்.

"நல்லாத் தெரியுதுங்க."

அடுத்ததைப் போட்டாள்.

"இதும் நல்லாத் தெரியுதுங்க."

நாளைக்கு அந்த மேஜையில் நின்று இந்த மனுஷன் இப்படியே சொல்லப்போகிறார், வேலையும் போகப்போகிறது. புவனா வேண்டுமென்றே ஒரு மைனஸ் இரண்டை எடுத்துச் செருகினாள். தூரப்பார்வைக்காரருக்கு அதில் ஸ்கேல் ஒரு வெள்ளைத் தீற்றலாகத்தான் தெரியும்.

"இது எப்படீங்கண்ணா?"

"பரவால்லீங்கம்மணி. நல்லாத்தான் இருக்குது."

புவனாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "பொய் சொல்லாதீங்கண்ணா! இதுல ஒரு கோடு தெரியாது. எனக்குத் தெரியும். எதுக்கு எங்கிட்டப் பொய் சொல்றீங்க? அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?" காபியோடு வந்த மயிலாத்தாள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

காளிச்சாமி மெதுவாகச் சொன்னார். "கடையில நல்லாத் தெரிஞ்சுதுங்க. பட்டறையிலதான் தெரியல. அதச் சொல்லலாம்னுதானுங்க வந்தேன். நீங்க பழகிரும்னீங்க. படிச்சவங்க சொல்றாங்க, பழகிரும்னு நெனச்சுப்போட்டேன்."

புவனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தப்பு என்னுடையது என்று சொன்னாள். வேலையைக் கேட்கவில்லை, தூரத்தை அளக்கவில்லை, சோறு தின்றுகொண்டே அனுப்பிவிட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

"அழுவாதீங்கம்மணி" என்றார் காளிச்சாமி. "நாளைக்கு நான் போயி நிக்கோணும். பாருங்க."

"தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லுவீங்களா?"

"சொல்றேனுங்க."

"நாளைக்குச் சரக்கு எத்தனை தூரத்துல இருக்கும்? நின்னு காட்டுங்க."

எழுந்து நின்றார். துண்டுக்குள் இருந்த கை பழக்கத்தில் தானாக முன்னால் நீண்டது. நெற்றியிலிருந்து அந்தக் கைவரை புவனா டேப் பிடித்தாள். அறுபத்திரண்டு. நூறை அறுபத்திரண்டால் வகுத்தாள். ஒன்று புள்ளி ஆறு. கண்ணின் சொந்த பலத்துக்குக் கொஞ்சம் கழித்து, தூரப்பார்வைக்கு ஒன்றைக் கூட்டினாள்; இரண்டே கால் வந்தது.

முதலில் பழைய மூன்றையே போட்டாள். "தெரியலீங்க" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள். இரண்டே முக்கால். "ம்ஹூம், தெரியலீங்க." இரண்டே கால்.

ஸ்கேலைப் பார்க்கச் சொல்லியிருந்தாள், அவர் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அதன் தழும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கம்மணி. இத்தனை நாளா மசமசன்னுதானுங்க இருந்துச்சு." உதடு அசைய மெல்ல எண்ணினார். "பதினொரு தையலுங்க."

புவனா அட்டையை எடுத்தாள். அச்சில் இருந்த நாற்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் அறுபத்திரண்டு என்று எழுதினாள். சித்திரையில் எழுதியிருக்க வேண்டியது.