கறுப்பு டேப் சுற்றிய கம்பி

தெருவில் அவளை லைன்மேன் மகள் என்றுதான் சொல்வார்கள். அப்பா தொலைபேசித் துறையில் கேபிள் இணைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழிக்குள் குந்தியிருந்து, நூல் மாதிரி கம்பிகளை நிறம் பார்த்துச் சேர்த்துச் சேர்த்தே கண்ணாடி தடித்துப்போன மனிதர். ஊர் பேசுவதற்கு வழி செய்தவர், வீட்டில் பேசியது குறைவு. பேசினாலும் குத்தாமல் பேச வராது.

கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு அவள் வந்து நின்றபோது அம்மா உயிரோடு இல்லை. கதவைத் திறந்த அப்பா பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“சமைக்கத் தெரியும்ல? இல்ல, அது தெரியலன்னுதான் தொரத்திவிட்டாங்களா?”

அவள் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அடுப்படி அவளுடையது.

அவளுக்குக் காதுதான் பிழைப்பு. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருவர் பாதிச் சொல்லை விழுங்குவார். ஒருவர் கொட்டாவிக்கு நடுவே மருந்தின் பெயரைச் சொல்லித் தொலைப்பார். மற்றவர்களுக்குக் கரகரப்பாக மட்டும் கேட்பது அவளுக்குச் சொல்லாகக் கேட்கும். வீட்டிலிருந்தபடியே இப்படிச் சில வருடங்கள் ஓட்டினாள்.

அப்போதுதான் வேறொரு நகரத்தில் பெரிய நிறுவனம் ஒன்று, மற்றவர்கள் எழுதுவதைச் சரிபார்க்க ஆள் தேடியது. முதலில் கேட்டு எழுதும் தேர்வு, பிறகு நேர்காணல். இரண்டும் லேப்டாப்பில், கேமரா முன்னால். தேறினால் அங்கேயே போய் இருக்க வேண்டும். அவள் அப்பாவிடம் சொன்னாள்.

“போயேன், யாரு வேணாங்கிறா? புருஷன் வீட்டுலயே நிக்கத் தெரியல. அங்க போயி நிக்கப் போறியாக்கும்,” என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமல்.

தேர்வின் பாதியில் வைஃபை போய்விட்டது. திரையின் மூலையில் இருந்த விசிறிக் குறியின் மேல் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. அதே வீட்டில் போனில் இணையம் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே கோளாறு லேப்டாப்பில்தான். அணைத்துப் போட்டாள். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். சாதனங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால் வைஃபை அடாப்டர் என்ற வரியே காணோம். அப்படி ஒன்று உள்ளே இருப்பதாகவே லேப்டாப்புக்குத் தெரியவில்லை.

மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தவளை அப்பா பார்த்தார். அன்று மதியம் அவரே இரண்டு தட்டு எடுத்துவைத்தார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். அவள் வந்த நாளிலிருந்து கேட்காத வார்த்தை. பழைய வேலைக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்பாவுக்கும் மனசு இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தாள், பாவம்.

அந்த முதல் கோளாறு தானாக வந்ததுதான். அதில் யார் கையும் இல்லை.

பழுது பார்க்கும் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. நடத்துகிறவள் பருமனான ஒரு பெண். எல்லோருக்கும் கடைக்கார அக்கா. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, தபால்தலை அளவுக்கு இருந்த ஒரு பச்சைத் தகட்டைக் காட்டினாள். ஒரே ஒரு திருகாணி. மேலே இரண்டு மெல்லிய கம்பிகள், சட்டைப் பித்தான் மாதிரி அமுக்கிப் பொருத்தியவை.

“இதுதான் கார்டு. இந்தக் கம்பி ரெண்டும் ஆன்டெனா, திரையைச் சுத்திப் போகுது. கார்டு செத்துப்போச்சு, மாத்திடலாம்.”

மாற்றினார்கள். வேலை செய்தது. நிறுவனத்துக்கு அவள் நிலைமையை எழுதினாள். இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். தேர்வில் தேறினாள். நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள்.

அன்று காலை குளித்துத் தலைவாரி உட்கார்ந்தால், வைஃபை இழுத்துக்கொண்டு கிடந்தது. இந்த முறை அடாப்டர் பட்டியலில் இருந்தது. டிரைவரிலும் குறையில்லை. ஆனால் சிக்னல் ஒரு கோடு, அதுவும் போய்ப் போய் வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வைஃபை தரும் ரவுட்டர் பெட்டி இருந்த அப்பாவின் அறைக்குப் போனாள். பெட்டியை ஒட்டிப் பிடித்தால் கொஞ்சம் கிடைத்து அறுந்தது, ஓரடி நகர்ந்தால் அதுவும் போனது.

“என்னம்மா, மறுபடியும் மக்கர் பண்ணுதா?” என்றார் கட்டிலில் படுத்திருந்த அப்பா. குரலில் தேன் வடிந்தது.

நேர்காணல் நேரம் கடந்தது. அவள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். அக்கா வேறொரு வேலையில் இருந்ததால் திருப்புளியை வாங்கித் தானே மூடியைக் கழற்றினாள். கார்டு அசையாமல் இருந்தது. கம்பிகளைப் பின்தொடர்ந்தாள். கீல் அருகே இரண்டும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய முனைகளில் கறுப்பு டேப் நெருக்கமாகச் சுற்றி, கடைசி நுனி மட்டும் மடித்துவிடப்பட்டிருந்தது, பிரிக்கிறவனுக்குப் பிடி கிடைப்பதற்காக. அவள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியின் வயர் முதல் மின்விசிறி வரை எல்லா டேப்பும் அப்படித்தான் மடிந்திருக்கும். கெடுக்கவென்றே வெட்டியபோதும், முனையை வெறுமனே விட அந்தக் கைக்கு மனம் வரவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். “எலி கடிச்சது இல்ல இது. யாரு தொட்டாங்க?”

“தெரிஞ்சவங்கதான்,” என்றாள்.

வீட்டுக்கு வந்து டேப் சுற்றிய துண்டை அப்பாவின் முன்னால் வைத்தாள். மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தன் வேலையைத் தானே சரிபார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஆமா, நான்தான். அதுக்கென்ன இப்ப?”

“ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?”

“உனக்குப் போக்கிடம் இல்லன்னுதான உள்ள விட்டேன்? போக்கிடம் இருக்குன்னா அன்னைக்கே கதவத் தெறந்திருக்க மாட்டேன்.”

அவள் அழவில்லை. அன்று சமையல் முடித்து அவருக்கு மட்டும் பரிமாறினாள். அதன் பிறகு அவளும் அவரும் சேர்ந்து சாப்பிட்டதில்லை. பழைய லேப்டாப் ஒன்றிலிருந்து எடுத்த ஆன்டெனாக் கம்பிகளை அக்கா கொடுத்தாள். திரைச் சட்டத்தைப் பிரித்து, அவளே அவற்றைத் திரையைச் சுற்றி இழுத்துப் பொருத்தினாள். குளிக்கப் போனாலும் லேப்டாப் கூடவே போனது. நெஞ்சு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று அப்பா கூப்பிட ஆரம்பித்தார். முதலில் ஓடினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

“வர்றியான்னு பாத்தேன்,” என்பார்.

நிறுவனம் கடைசியாக ஒரு நாள் கொடுத்தது. அவள் ரவுட்டரைத் தன் அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கதவைத் தாழிட்டு உட்கார்ந்தாள். படம் துல்லியமாக வந்தது. திரையில் மூன்று பேர். தலைமைப் பொறுப்பிலிருந்த பெண் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையில் தொம்மென்று ஏதோ விழுந்தது.

“பாப்பா...” என்று குரல் வந்தது.

சின்ன வயதுக்குப் பிறகு அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அவள் முகம் மாறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, விழுந்துட்டேன்... எந்திரிக்க முடியல...”

விழுங்கிய சொல்லையும் பிரித்துக் கேட்ட காதுக்கு, நடிப்புக் குரல் எது, நிஜ வலி எது என்று தெரியாதா? இது நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

“பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதே. எல்லாம் சரியா இருக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“பக்கத்து வீட்டுல வேலை நடக்குது மேடம். நீங்க கேளுங்க.”

கேட்டார்கள். சொன்னாள். தப்பான அறிக்கை ஒன்றைக் காட்டி, பிழை எங்கே என்றார்கள். உடனே பிடித்துச் சொன்னாள். குளியலறையில் குரல் முனகலாகி, பிறகு நின்றுபோனது. எல்லாம் முடிந்து, நன்றி சொல்லி, திரையை மூடிவிட்டுத்தான் எழுந்தாள்.

அப்பா ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் பொருந்தாத திசையில் திரும்பியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது.

“முடிஞ்சுதா?” என்றார்.

“முடிஞ்சுது.”

“கெடைக்குமா?”

“கெடைக்கும்.”

“அப்ப வண்டியக் கூப்புடு.”

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தும் இனி நடக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். தொலைவில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணன் போனில் கத்தினான்.

“நீ வீட்டுலதான இருந்த? அப்பா கூப்பிட்டது கேக்கலையா?”

“கேட்டுச்சுண்ணா.”

“நீயெல்லாம் ஒரு பொண்ணா?”

“சரி, நீ வந்து பாத்துக்கிறியா?”

லீவு கிடைக்காது என்று ஆரம்பித்து, குழந்தைகளின் படிப்பு வரை சொன்னான். அவள் போனை வைத்தாள்.

வேலை கிடைத்தது. போகிற நகரத்திலேயே ஒரு முதியோர் இல்லம் பார்த்து அப்பாவையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். படுக்கையிலிருந்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொன்னார்: “கூப்பிட்டேன். கேட்டுது. வரல.” கம்பி வெட்டிய கதையை யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இல்லத்துப் பெண்கள் அவள் வந்தால் நாற்காலி போடுவதில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர். கண்ணாடித் தடுப்புக்குள் தனி மேசை. பிழை விட்டவர்களைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் அவள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அழுதுகொண்டு போகிறவர்கள் உண்டு. தான் யார் மாதிரிப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்துவதில்லை.

விடுமுறை நாளில் இல்லத்துக்குப் போகிறாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வந்திருப்பது யாரென்று இல்லத்துப் பெண்கள் கேட்டால் தெரியாது என்பார். அவள் படுக்கையருகே நின்றபடியே நகவெட்டியை எடுப்பாள். அதற்கு மட்டும் கையை நீட்டுவார், முகத்தைத் திருப்பாமலே. ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டிவிட்டு, உதிர்ந்ததைத் தாளில் கூட்டியெடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவள் பேருந்துக்குக் கிளம்புவாள்.