கொப்பரையில் வந்த மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வயது பதினெட்டு. அந்தக் காலத்தில் அது முற்றிய வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அம்மா இல்லாத எங்கள் வீட்டை நடத்திய அத்தை, அப்பாவின் தமக்கை, இதுவும் தவறினால் ஊர் என்ன பேசுமோ என்று தூங்காமல் கிடந்தாள்.

ஐப்பசி மாதம். எங்கள் ஊர் ஆற்றுக்கு இந்தக் கரை, மாப்பிள்ளை எதிர்க்கரை ஏரல்காரர். முகூர்த்தத்தன்று விடிந்து பார்த்தால் ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது. எதிர்க்கரையில் மேளம் கேட்டது. ஆள் யாரும் வரவில்லை. தோணிக்காரர், "இன்னைக்கு என் பொஞ்சாதி கூப்பிட்டாலும் தோணிய அவுக்க மாட்டேன்" என்றுவிட்டார்.

சமையல்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, உலை வைக்கவா, வேண்டாமா?"

"வையும்வே. எல்லாருக்கும் வையும். செந்தூரான் பாத்துக்கிடுவான்" என்றார் அப்பா.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "நீ இங்கன நின்னு சோறு வடிச்சா, அவன் வந்து அங்கன தோணி தள்ளுவானா?"

"தள்ளுவான் அக்கா."

நானோ, முகம் பார்த்தறியாத மனிதரை நினைத்துப் பயந்து, முதல் நாள் மாலை அதே செந்தூர் முருகனிடம், இன்னும் பத்து நாள் தள்ளிப்போகட்டும் என்று ரகசியமாகக் கேட்டிருந்தேன். ஒரே வீட்டிலிருந்து இப்படி இரண்டு மனு போனால் அவர்தான் என்ன செய்வார்? இவ்வளவு தண்ணீரையும் நான்தான் வரவழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சு ஜன்னலில் நின்ற அத்தை திடீரென்று, "ஏளா, ஆத்துல என்னமோ மிதந்து வருது பாரு" என்றாள்.

நெல் அவிக்கும் பெரிய செம்புக் கொப்பரை. சுற்றிலும் வாழைமரங்களைக் கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் நீந்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே, தலைப்பாகையோடு, தாலிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி கழன்று விழுந்தது.

கரையேறியவரின் வேட்டியெல்லாம் கொப்பரைக் கரி. அப்பா வீட்டு வாசலில் கைகூப்பி, "பயந்துட்டீயளா மாப்ளே?" என்று கேட்டார்.

"நடு ஆத்துல கண்ணையே தொறக்கல மாமா. முருகா, முருகான்னுக்கிட்டே வந்தேன்."

என்னைவிடப் பயந்த ஒருவர், பயந்துகொண்டே எனக்காக ஆற்றைக் கடந்திருக்கிறார். அதைக் கேட்டதும் பத்து நாள் தவணை எனக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. முகூர்த்தம் முடிய கொஞ்ச நேரமே இருந்தது. கரியோடேயே தாலி கட்டினார்.

வடித்த சோற்றை எங்கள் ஊர் மொத்தமும் கூடிச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்து, மாமியார் தோணியில் வந்து இறங்கினார். மகன் கல்யாணத்தைப் பார்க்கவில்லையே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவரைச் சமாதானப்படுத்த, நாங்கள் இருவரும் மறுபடி மாலை மாற்றிக்கொண்டோம். அத்தை அன்றும் இரண்டு பாயசம் வைத்தாள். மாமியார் மூன்றாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் என்னைப் பார்த்து, "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கா" என்றார்.