மஞ்சள் ஜலத்தில் அலம்பிய இறகுகள்

"சுத்தமா எடுத்து வைங்க மாமி" என்று சொன்னது என் வாய்தான். யாரைக் குறை சொல்ல?

ஸ்ரீரங்கத்தில் அந்தக் கணக்கு டீச்சர் மாமியின் மொட்டைமாடிக்குத் தினமும் பச்சைக்கிளிகள் வரும். தாம்பாளத்தில் நெல் வைப்பார். உதிரும் இறகுகளைச் சேர்த்துத் தரச் சொல்லி உறைகள் கொடுத்திருந்தேன். திருச்சியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், எந்தக் கிளி எந்தக் கிளிக்குப் பிறந்தது என்று காட்டும் மரபணு அடையாளங்களை உருவாக்கிக்கொண்டிருந்தோம்.

மாமி உறைகளை நீட்டினார். இறகெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

"கோவில்ல தாயார் கையில இருக்கற கிளியாச்சே, அப்படியே குடுப்பேனா? மஞ்சள் ஜலத்துல அலம்பி, நன்னா வெயில்ல ஒணத்திட்டேன்."

எனக்குச் சுத்தம் என்றால் கை படாதது. அவருக்கு அலம்பியது. தண்ணீரும் வெயிலும் பட்டால் இறகிலுள்ள மரபணு சிதைந்துபோகும். போச்சுடா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டு, உறைகளை ஃபிரிட்ஜின் மூலையில் போட்டேன்.

அடுத்த வருஷம் நோய் வந்தது. கண் வீங்கிய கிளிகள் மாடியில் விழுந்து செத்தன. மாமி நெல் வைப்பதை நிறுத்தினார். சில மாதம் கழித்து நாலைந்து கிளிகள் வந்தன. "ஏண்டிம்மா, இதெல்லாம் எங்காத்துக் கிளிதானா? இல்ல, அதுகள் எல்லாம் போய் வேற எங்கேர்ந்தோ வந்ததா?" என்று கேட்டார்.

நோய்க்கு முந்தைய இறகுகள் வேறு யாரிடமும் இல்லை. வேறு வழியில்லாமல் அந்த மஞ்சள் இறகு ஒன்றின் தண்டைக் கீறினேன். உள்ளே கடுகில் பாதி அளவுக்குக் காய்ந்த ரத்தம். மஞ்சளும் வெயிலும் அங்கே போகவில்லை. மற்ற இறகுகளையும் ஒவ்வொன்றாகக் கீறினேன்.

மரபணுவில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது கிளிக்குக் கிளி மாறும். குஞ்சுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. புதிதாக வந்த கிளிகளின் இறகை நானே பொறுக்கி வந்து ஒப்பிட்டேன். மரபணுவில் பார்த்த எல்லா இடத்திலும் ஒரு கிளி, பழைய இறகுகள் இரண்டுக்குப் பிறந்த குஞ்சாகப் பொருந்தியது. சோதனையைத் திரும்பவும் செய்தேன். அதே விடை. இத்தனூண்டு ரத்தத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது! கை கூப்பத் தோன்றியது.

ஓடிப்போய்ச் சொன்னேன். மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தட்டாலதான் எல்லாம் போயிடுத்துன்னு நெனச்சுண்டிருந்தேன்."

தட்டு காரணமா என்று எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன்.

"இனிமே வைக்கலாமோ?"

"வேண்டாம் மாமி. ஒரே தட்டுல கூடித் தின்னா நோய் மறுபடி பரவலாம்."

மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கிளி வந்து உட்கார்ந்து, காலித் தாம்பாளத்தைப் பார்த்துக் கத்தியது. "போடா கண்ணா, வேற எங்கயாவது தின்னு" என்று சொல்லிவிட்டு, மாமி தாம்பாளத்தை உள்ளே எடுத்துப்போனார்.