பட்டையும் நாமமும்

ஆரோக்கியமுத்துவைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அவர் பெயருக்கு முன்னால் முதன்முதலாக ‘மிஸ்டர்’ என்று டைப் அடித்தவன் நான். மற்றபடி எனக்குத் தெரிந்த ஒரே பறவை குழம்பில் கிடக்கும் கோழி.

அவர் ஆவூர்க்காரர். அரண்மனை லாயத்தில் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். 1948இல் சமஸ்தானமே போனபோது அந்த வேலையும் போயிற்று. பிறகு புதுக்கோட்டையில் நான் குமாஸ்தாவாக இருந்த ஹைஸ்கூலுக்கு லேப் அட்டெண்டராக வந்தார். ஆறாம் வகுப்புப் பொடியன்கூட, “அட்டெண்டர், இங்க வா” என்பான். அவருக்குச் சுருக்கென்றிருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சயின்ஸ் வாத்தியார் ரத்தினவேல் படித்ததென்னவோ செடிகொடிகளைப் பற்றித்தான். பைத்தியம் மட்டும் பறவைகள்மேல். 1954இல் ஒருநாள் ஆரோக்கியமுத்துவைக் கூப்பிட்டார்.

“வல்லூறுல ஒரே இனத்துக்குள்ளயே கிளையினம் இருக்கு, ஆரோக்கியம். வடக்கத்தி ஒண்ணு, தெற்கத்தி ஒண்ணு. எறகுல இருக்குற குறிய வச்சுத்தான் பிரிக்கணும். ரெண்டும் நம்ம பக்கம் இருக்கான்னு பாக்கணும்” என்று சொல்லி ஏர்கன்னைக் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஆரோக்கியமுத்து அன்னவாசல் பக்கம் கிளம்பிவிடுவார். தேடியதில் இரண்டு விதம் அகப்பட்டன. ஒன்றின் மார்பில் குறுக்கே மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். மற்றதன் மார்பில் மேலிருந்து கீழாகப் பழுப்புத் தீற்றல்கள். வேதக்காரரான அவர் முதலாவதற்குப் பட்டை என்றும் இரண்டாவதற்கு நாமம் என்றும் பெயர் வைத்தார். சுட்டதைப் பாடம் செய்து, பஞ்சடைத்து, காலில் அந்தப் பெயரையே சீட்டெழுதிக் கட்டினார். பட்டைக்காரனின் தொண்டையிலும் மங்கலாக ஒற்றைக் கோடு நெடுக்காக ஓடியது. “ரெண்டு சாமியும் வேணும்னு நெனச்சிருக்கும்போல” என்று என்னிடம் தலையைச் சொறிந்தார்.

நாமம்தான் அபூர்வமான கிளையினமாக இருக்கும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அதிலிருந்து இவர் பட்டையை விட்டுவிட்டு நாமமாகத் தேடினார். மூன்று வருஷத்தில் பட்டை ஐந்து, நாமம் ஆறு.

1957 ஆவணியில் ஏழாவது நாமம், சிறகில் மட்டும் அடிபட்டு உயிரோடு கிடைத்தது. காலில் சிவப்பு நூல் கட்டிக் கோழிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாக ஓணான் போட்டு வளர்த்தார். அடுத்த வருஷம் வாத்தியார் பம்பாய்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினார். புதுக்கோட்டையில் இரண்டு கிளையினங்களும் உண்டு, கண்டெடுத்தவர் மிஸ்டர் ஆரோக்கியமுத்து. அந்த வரியை ஆரோக்கியமுத்து என்னை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வாரமே அவர் வீட்டில் ரகளை. பல மாதம் கழித்துப் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் நாமக்காரன் மார்பில் பட்டை முளைத்திருந்தது.

“பறவைய விட்டுட்டு வேற எதையோ புடிச்சு வச்சிருக்கியா?” என்று மனைவி அடைக்கலமேரியிடம் பாய்ந்தார்.

“ஏங்க, அதுகிட்டப் போகவே எனக்குப் பயம். நான் எங்கிட்டுப் போயி வல்லூறு புடிக்கிறது?”

சிவப்பு நூல் காலிலேயே இருந்தது. முடிச்சும் அவர் போட்ட முடிச்சு. சனிக்கிழமை என்னிடம் ஓடிவந்தார்.

“நாமம் போட்டவன் பட்டை போடுவானாங்க? வயித்துல இன்னும் நாலு தீத்தல் நாமமாவே கெடக்கு. அது நாமமா பட்டையா? நான் கிறுக்கனாயிட்டேனா? இல்ல, இந்தப் பறவை எனக்கே பட்டை நாமம் சாத்துதா?”

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: இதைச் சொன்னால் அந்த மிஸ்டர் போய்விடும்.

“திங்கக்கிழமை தபால் போகுது. அதுவரைக்கும் அமுக்கமா இருங்க” என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் பஞ்சாரத்தோடு ஆபீசுக்கு வந்தார். வாத்தியார் தபால் உறையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“சார், இது நாமம் சார்.”

“பட்டைன்னா நல்லாத் தெரியுதே, ஆரோக்கியம்.”

“போன வருஷம் நாமம் சார். நூலப் பாருங்க.”

வாத்தியார் நூலைப் பார்த்தார். குனிந்து வயிற்றில் மிச்சமிருந்த தீற்றல்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“கிளையினமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எறகு உதுந்து மொளச்சிருக்கு. நாமம் குஞ்சுக்கு. வளந்தா பட்டை. ரெண்டும் ஒண்ணுதான்யா.”

உறையை இரண்டாகக் கிழித்தார். நான் டைப் அடித்த காகிதம் குப்பைக் கூடைக்குப் போயிற்று. ஆரோக்கியமுத்து அதைப் பார்க்கவில்லை. கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கிடந்த பாடம் செய்த பறவைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அந்த ஆறும் சார்?”

“குஞ்சுகதான். பொறந்து வருஷங்கூட ஆகியிருக்காது.”

வாத்தியாருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “பேரு போச்சேன்னு வருத்தப்படாத, ஆரோக்கியம். இன்னொரு கட்டுரை எழுதுவோம்” என்றார்.

“பேரு கெடக்குது சார்” என்றார் ஆரோக்கியமுத்து. “பெருசுகள விட்டுட்டு, நாமமாப் பாத்துப் பாத்துல்ல சார் சுட்டேன்.”