வயலின்காரர் வீட்டு ஃப்ரிட்ஜ்

படப்பிடிப்புக்குப் போகிற இடத்திலெல்லாம் அவளுக்குப் பெயர் ‘காது’. சொந்தப் பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு வயதில் டேப்ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தவள், நாற்பத்தாறு வயதில் ஆவணப்படங்களுக்கு ஒலி பதிவு செய்கிறாள். படம் எடுப்பது அவளுடைய தம்பி. பாடகர்கள், வாத்தியக்காரர்கள், இசைத்தட்டு சேர்க்கும் பைத்தியங்கள் என்று இதுவரை ஆறு படம். ஆறையும் பார்த்தவர்கள் ஒரே பேருந்தில் அடங்கிவிடுவார்கள். அதற்கெல்லாம் அக்காவும் தம்பியும் அசருகிற ஆட்கள் இல்லை.

ஏழாவது படம் வயலின்காரரைப் பற்றியது. நாற்பது வருஷம் யார் யார் பாட்டுக்கோ பின்னால் வாசித்துவிட்டு, ஓர் இசைத்தட்டின் உறையில்கூடப் பெயர் வராத மனிதர். கேமரா என்றாலே கதவைச் சாத்துவார். தம்பி நான்கு வருஷம் நடையாய் நடந்து இரண்டு நாள் வாங்கியிருந்தான். முதல் நாள் பேச்சு, மறுநாள் வாசிப்பு. “சின்னதா ஒரு தொந்தரவு வந்தாலும் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடணும்” என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் காதுக்கு முதல் வேலை, சத்தம் போடுகிற எல்லாவற்றின் வாயையும் அடைப்பது. காலிங்பெல்லைக் கழற்றினாள். தொலைபேசி ஒயரைப் பிடுங்கினாள். கைபேசி அந்த வீட்டில் கிடையாது, பெரியவருக்கு ஆகாது. கடைசியாக ஃப்ரிட்ஜ். ஒலிப்பதிவாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஃப்ரிட்ஜை அணைத்தால் தங்கள் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, அதை எடுக்கப் போகும்போது சுவிட்சும் நினைவுக்கு வந்துவிடும். அன்றைக்குப் பார்த்துப் பையில் சாவி இல்லை. பூட்டை ரிப்பேருக்குக் கொடுக்கக் கணவர் கொண்டுபோயிருந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தபடி நின்றாள். நடுத்தட்டில் ஒரு மருந்துப் பெட்டி, அதன்மேல் நர்ஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: ‘வாரம் ஒரு ஊசி. நாலு மணி நேரம் குளிர் விட்டால் போடக் கூடாது.’

“ரெண்டு மணி நேர வேலைதானே, மறந்தா போயிடுவேன்” என்று கதவைச் சாத்தினாள். மறந்துதான் போனாள் மகராசி!

மாலை ஐந்து மணிக்குத் தன் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையில் பதிந்ததைக் கேட்டாள். பெரியவர் பேசுகிறார். இடையில் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது. பின்னால் பொட்டுச் சத்தம் இல்லை. ‘அடடா, என்னமா வந்திருக்கு!’ என்று தன்னையே மெச்சிக்கொண்டவளுக்கு, ஏன் அப்படி வந்திருக்கிறது என்பது மறு நொடியே உறைத்தது. ஃப்ரிட்ஜை அணைத்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

ஊசி வயலின்காரரின் மனைவிக்கு. மூட்டுவாதம், வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. ‘இன்னைக்கு ஆறு மணிக்கு ஊசி, அவர்தான் போட்டுவிடுவார்’ என்று காலையில் அந்த அம்மாள்தான் சொல்லியிருந்தாள். காது அந்த வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யார் எடுப்பார்கள்? அந்த ஒயரையும் இவள் திரும்பச் சொருகவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

“பதறாதேக்கா. ஏதோ பொருளை விட்டுட்டேன்னு சொல்லி உள்ளே போ, சுவிட்சைப் போடு, வந்துடு.”

“மருந்து கெட்டிருக்கும்டா.”

“ஒரு ஊசியில என்ன ஆயிடும்? நீ வாயைத் திறந்தா அவர் நாளைக்கு வயலினைத் தொடமாட்டார். நாலு வருஷம்க்கா! என் வயித்துல அடிச்சிடாதே.”

போனை வைத்துவிட்டு வாடகைக் காரில் ஏறினாள். வழியில் ஒவ்வொரு சிக்னலும் இவளுக்காகவே சிவப்பாக விழுந்தது. டிரைவரைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், கடைசியில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இறங்கும்போது ஆறடிக்க நான்கு நிமிடம்.

காலிங்பெல் இல்லாத கதவை உள்ளங்கை எரிய எரியத் தட்டினாள். உள்ளே வயலின் கேட்டது. அவர் தன்னை மறந்து வாசித்துக்கொண்டிருந்தார், இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டார். வீட்டைச் சுற்றி ஓடினாள். நல்ல வேளை, சமையலறைக் கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அதே நொடியில் வயலின் நின்றது.

“ஏங்க, மணியாச்சு. ஊசியை எடுத்துட்டு வாங்க” என்று மனைவியின் குரல்.

வயலின்காரர் சமையலறைக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“ஒரு ஒயரை விட்டுட்டுப் போயிட்டேங்கய்யா...”

தலையாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். இப்போது நழுவினால் யாருக்கும் தெரியாது. படம் பிழைத்துவிடும். காதின் கால் வாசல் பக்கமே திரும்பியது. அறைக்குள் அவர் மனைவியின் கையைப் பஞ்சால் துடைப்பது தெரிந்தது.

“போடாதீங்க!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். “காலையில ஃப்ரிட்ஜை அணைச்சது நான்தான். திரும்பப் போட மறந்துட்டேன். மருந்து கெட்டுப்போயிருக்கும்மா. என்னை மன்னிச்சிடுங்க.”

‘எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வெளியே போ’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவர் ஊசியை மேசைமேல் வைத்தார்.

“அணைச்சது எனக்கும் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?” என்றாள் மனைவி.

“இவங்க போனதுக்கப்புறமும் அது ஓடலை. வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு. வாசிச்சுக்கிட்டே இருந்துட்டேன். மருந்து ஞாபகமே வரலை.”

“இப்ப எடுத்தீங்களே, பெட்டி சில்லுனு இல்லைன்னுகூடவா தெரியலை?”

அவர் தரையைப் பார்த்தார். காதுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. ஓடிப்போய்த் தொலைபேசி ஒயரைச் சொருகி நர்ஸைப் பிடித்தாள். அதைப் போட வேண்டாம், நாளைக் காலை புதிது கொண்டுவருகிறேன், ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்றாள் நர்ஸ். அதைக் கேட்ட பிறகுதான் காதுக்கு மூச்சே வந்தது.

“நாளைக்கு வருவீங்கல்ல?” என்று அம்மாள் அவளைக் கேட்டாள்.

“ஐயா சம்மதிச்சா வர்றோம்மா.”

“அவரை நான் கேக்கலை. இவர் வாசிக்கிறதுக்காக இந்த வீட்டுல நாப்பது வருஷமா ஒருத்தி சத்தம் போடாம இருந்திருக்கா. நாளைக்கு முதல்ல அவ பேசட்டும்.”

வயலின்காரர் நிமிர்ந்தார். “நீ என்ன சொல்லப்போறே?” என்றார்.

“மைக்கை மாட்டினதும் சொல்றேன்” என்றாள்.