பாதைக்கு விலை போடாத தங்கம்

எங்கள் பக்கம் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்போம். கேட்க இனிமையான சொல்தான். ஆனால் கட்டட வேலைகளுக்கு மதிப்பீடு போட்டுப் பிழைக்கும் எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். பள்ளிக்கூடமோ மதகோ, யாராவது ஒரு மதிப்பீட்டை நீட்டினால், அதில் என்ன இல்லை என்றுதான் முதலில் தேடுவேன். தொழில் தந்த வியாதி. கலியாண வீட்டுப் பந்தியில்கூட விடாது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டு ஆவணங்களை அனுப்பினார். ஆபிரிக்காவில் தங்கம் தோண்டப்போகும் சின்னக் கொம்பனி ஒன்று. சுரங்கம் இன்னும் இல்லை. நிலத்தைத் துளைத்துப் பார்த்துவிட்டுத் தங்கம் இருக்கிறது என்கிறார்கள். பங்கு மலிவாம். ஊர் திரும்பி, தன்னாமுனையில் எங்கள் வீட்டோடு வந்து இருப்பதற்கென்று சேர்த்த காசு முழுவதையும் அதில் போட நினைத்திருந்தார். "ரெண்டு மடங்காகட்டும் புள்ள, மறுகா வாறன்" என்று குரல் பதிவும் வந்தது. என் அபிப்பிராயம் வேண்டுமாம். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது என் தலையாட்டல்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, இறால் உரிக்கிற வேலையைக் கணவரிடம் தள்ளிவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். இயந்திரங்களின் விலை ஆணி வரைக்கும் இருந்தது. எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதோ, வவுணதீவில் ஒரு வாய்க்கால் மதகுக்கு நான் ஒதுக்குவதைவிடக் குறைந்த வீதம். துறைமுகத்திலிருந்து சுரங்கத்துக்குப் போகும் பாதைக்கு விலையே இல்லை. இதெல்லாம் ஆரம்ப ஊகம் என்று அடியில் பொடி எழுத்தில் அவர்களே எழுதியிருந்தார்கள். அதில் தப்பில்லை, நானும் ஊகத்தில்தான் தொடங்குகிறேன். ஆனால் கொம்பனித் தலைவர் வீடியோவில் பேசும்போது ஊகம் என்ற பேச்சே கிடையாது.

ஆளின் பழைய கதையைத் தேடினேன். முன்பு இரண்டு கொம்பனி நடத்தியிருக்கிறார். காசு முடிய முடியப் புதுப் பங்குகளை விற்று, பழைய பங்குக்காரரின் பங்கின் மதிப்பைத் தண்ணீராக்கியிருக்கிறார். தன் சொந்தக் காசில் வாங்கிய பங்கு பேருக்குத்தான். சம்பளம் மட்டும் ஒருபோதும் குறையவில்லை. இரண்டிலும் ஒரு கூடை தாதுகூட வெளியே வரவில்லை.

அவசரப்பட்டுத் திட்டக்கூடாதென்று, பாதையைப் பற்றிக் கொம்பனிக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். அது அடுத்த கட்டத்தில் கவனிக்கப்படும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய மறுகாவேதான், கோட்டுச் சூட்டோடு.

அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"மதகுக்குக் கணக்குப் போடுற உனக்குத் தங்கத்தப் பத்தி என்ன தெரியும்?"

"தங்கம் தெரியாது. அந்தத் தங்கத்தக் கொண்டுவாற றோட்டுக்கு எவ்வளவு போட்டிருக்காங்க, அதச் சொல்லுங்க."

"அத மறுகா போடுவாங்க" என்றார்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. அண்ணன் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டைக் கட்டிய மேசன் இப்படித்தான் ஒரு மலிவான தொகை சொன்னார். கூரை அந்தத் தொகையில் இல்லை என்பது சுவர் எழும்பிய பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "கூரைய மறுகா பாப்பம்." இரண்டு மாரி மழையை அடுப்படியின் ஓலைக் கிடுகின் கீழ் கழித்தோம். அந்தக் கூரைக்காகத்தான் அண்ணன் படிப்பை விட்டு வெளிநாடு போனார். இன்றைக்கும் என் தலைக்கு மேல் இருக்கிற கூரை அவருடைய காசு.

"நானும் போகக்குள்ள அதத்தானே சொன்னனான்" என்றார் மெதுவாக. "கூரையப் போட்டுட்டு மறுகா வாறனெண்டு."

"ஓம் அண்ணன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பங்கு வாங்கமாட்டேன் என்றார். நம்பினேன். என் அண்ணன் காசு விஷயத்தில் பொய் சொல்பவரில்லை.

"அப்ப எப்ப வாறீங்க?"

"மறுகா சொல்றன் புள்ள."

இந்த முறை எரிச்சல் வரவில்லை, பயம்தான் வந்தது. மேலே எதையும் கேட்காமல், அவருக்கென்று ஒதுக்கிய அறையைக் கூட்டப் போனேன்.